ஒரு நாள் தங்க வந்தவர்

ஜூன் 1, ஞாயிறு

ஜவுளிக்கடையில் புதுவருடத்துக்குக் கொடுத்த டைரி இவ்வளவு நாளும் பீரோவுக்குள் சும்மா கிடந்தது. இன்றைக்கு அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் பங்குச் சாமியார் ஃபாதர் இஞ்ஞாசி பிரசங்கத்தில் சொன்னார்: "இது திரு இருதய மாதம். ஆண்டவர் கோயிலுக்குள் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சட்டி கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஒரு நொடி நிறுத்தி, 'ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்' என்று சொல்லிப் பாருங்கள். அன்றன்று நாலு வரி எழுதி வையுங்கள். விருப்பமுள்ளவர்கள் மாதக் கடைசியில் என்னிடம் காட்டலாம்."

நான் காட்டுவேன். ஒன்பது வருடமாக எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்துக்குப் பொறுப்பாளர் நான்தான். பதினெட்டு வீட்டுக்காரர்களையும் ஜெபத்துக்குக் கூப்பிட்டுச் சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நாலு வரி எழுதவா எனக்குச் சொல்லித்தர வேண்டும்?

ஆனால் பூசை முடிந்ததும் ஃபாதர் ஒரு காரியம் பண்ணினார். ஒவ்வொரு ஜூனிலும் திரு இருதய ஆண்டவர் சுரூபம் கண்ணாடிப் பெட்டியோடு அன்பியத்து வீடுகளுக்கு வரும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டு அம்மா தன் கையாலேயே அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவளும் வாங்குகிறவளும் முகம் பார்த்து "உமக்குச் சமாதானம்" என்று சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்குப் பின் எந்த வீடு என்று பட்டியல் எழுதுவது எப்போதும் நான்தான். என் வீட்டைக் கடைசியில் போட்டுக்கொள்வேன். எங்களிடமிருந்து சுரூபம் நேரே கோயிலுக்குப் போய்விடும். பணிவு என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுத்ததில்லை.

இந்த வருடம் ஃபாதர் சீட்டுப் போட்டார். எனக்குப் பன்னிரண்டு. பதின்மூன்று பெர்னதெத்துக்கு.

பெர்னதெத், கப்பலில் வேலை பார்க்கிற என் கொழுந்தன் ரெமிஜியுஸின் பெண்சாதி. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு சுவர் வைத்து, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். நாலு வருடமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. அன்பியப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் என்மேல் அபாண்டமாகப் பழி போட்டவள் அவள். நான் ஜெபமாலைச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணிவிட்டு வந்தேன். அதோடு சரி.

ஜூன் 4, புதன்

இன்று ஏழு முறை நினைத்தேன். குழாயடியில் இரண்டு, மீன்காரி வந்தபோது ஒன்று, ரேஷன் கடை வரிசையில் நாலு. வரிசை நீளம்.

மீன்காரி நேற்றைய மீனை இன்றைய மீன் என்று தலையில் கட்டப் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்ததை, 'ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்' என்று விழுங்கிவிட்டேன். மீனையும் வாங்கவில்லை. இது நல்ல முறைதான்.

ஜூன் 9, திங்கள்

நாலு முறை. பெர்னதெத் வீட்டுக் குழம்பு வாசனை சுவர் ஏறி வந்தது. அவளுக்குப் புளி நிதானம் என்றைக்குமே வராது.

ஜூன் 14, சனி

ஆண்டவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பதினோராம் வீட்டு டீச்சரம்மா கொண்டுவந்து கொடுத்தாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் மெழுகுதிரியோடு பாட்டுப் பாடி வந்தார்கள். என் வீட்டுக்காரர் ததேயு வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்றார். ஐஸ் கம்பெனியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மாதாகோயில் திருவிழாவுக்குக்கூட லுங்கியில் புறப்படுகிற மனிதர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்குள் அத்தனை குரல் ஒன்றாகக் கேட்டு எத்தனையோ நாள் ஆயிற்று. ஜெபமாலை, திரு இருதய மன்றாட்டு மாலை எல்லாம் முடிந்து எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தேன்.

பெட்டியை ஹாலில், டிவி இருந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். டிவி கட்டிலடிக்குப் போய்விட்டது. ஆண்டவரின் ஒரு கை நெஞ்சைக் காட்டுகிறது, ஒரு கை நம்மைக் கூப்பிடுகிறது. கண்ணில் பெயிண்ட் கொஞ்சம்கூட மங்கவில்லை. அடுக்களையில் நின்று திரும்பினால் அந்தக் கண் நேரே என்மேல்தான் விழுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெர்னதெத் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். என்மேல் குற்றம் இல்லை.

அவர்கள் எட்டரைப் பூசைக்குப் போகிறவர்கள். நான் போனது எட்டே முக்காலுக்கு.

ஜூன் 16, திங்கள்

லாரித் தண்ணீர் வந்தது. எனக்கு முன்னால் இருந்தவள் எட்டுக் குடம் வைத்தாள். நாலுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது தெருவுக்கே தெரியும். பேசிவிட்டேன். நல்ல பேச்சு இல்லை. வீட்டுக்குள் குடத்தை இறக்கிவிட்டுத் திரும்பினால் பெட்டி. வாசற்கதவு திறந்துதான் கிடந்தது. அங்கே பேசியது இங்கே கேட்டிருக்கும்.

தூசி படிகிறது என்று தலை துவட்டுகிற புதுத் துவர்த்து ஒன்றை எடுத்துப் பெட்டிமேல் போட்டு வைத்தேன்.

"ஏட்டி, ஆண்டவருக்கு மூச்சு முட்டாதா?" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தூசிங்க."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஏது தூசி?"

இந்த மனிதர் வருடத்தில் மூன்று கேள்விதான் கேட்பார். மூன்றும் வேண்டாத இடத்தில் கேட்பார்.

சாயங்காலம் டெல்பின் வந்து கேட்டருகில் நின்றாள். பெர்னதெத்தின் மகள். இருபத்தொன்பது வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அம்மாவுக்கும் எனக்கும் எவ்வளவு ஆகாவிட்டாலும் அவள் மட்டும் காலையில் போகும்போது, "பெரியம்மா, போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் போனதில்லை. பெர்னதெத் காதில் விழும்படியே சொல்வாள்.

"பெரியம்மா, சுரூபம் எப்ப எங்க வீட்டுக்கு வருது? வார ஞாயித்துக்கெழம வடக்கன்குளத்துலேர்ந்து என்னைப் பார்க்க வாராங்க. அதுக்கு முன்னால ஆண்டவர் வீட்டுக்கு வந்துட்டாருன்னா நல்லாருக்கும்னு அம்மா சொல்லுதாங்க."

"வரும்மா. உங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு, அதான்."

"நாங்க எப்பவும் எட்டரைப் பூசைக்குத்தான போவோம்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குக் குத்திப் பேசத் தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

பதினான்காம் வீட்டுக்காரி போன் பண்ணினாள். "சுரூபம் எங்கக்கா நிக்குது? எங்க முறை நேத்தே தாண்டிட்டே?"

"வீட்ல அவுகளுக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. ரெண்டு நாள்ல கொடுத்துருதேன்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறார். "எனக்கா காய்ச்சல்?" என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் துவர்த்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. துவர்த்து போட்டாலும் காதை மூட முடியாதே. இந்த வெட்கங்கெட்ட காரியத்தை ஃபாதரிடம் எப்படிக் காட்டுவது? காட்டப்போவதில்லை. இனி எனக்காகத்தான் எழுதுகிறேன்.

கணக்குப் பார்த்துவிட்டேன். இருபத்தேழாம் தேதி திரு இருதயத் திருவிழா. அன்றைக்குச் சுரூபம் கோயிலில் இருக்க வேண்டும். எனக்குப் பின் ஆறு வீடு. சனிக்கிழமை நான் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் கடைசி வீட்டுக்காரருக்கு ஆண்டவர் இல்லை.

ஜூன் 18, புதன்

பதினோரு மணிக்கு ஒரு அம்மா வந்தாள். என் வயதுதான் இருக்கும். குடையை வாசலில் சாத்திவிட்டு, "கொஞ்சம் தண்ணி தாரீயளா?" என்று கேட்டபடி உள்ளே வந்து உட்கார்ந்தாள். மிக்கேலம்மாள், வடக்கன்குளம். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற மாப்பிள்ளையின் அத்தை. பெண் பார்க்கும் முன்னால் அக்கம்பக்கம் விசாரிக்க வந்திருக்கிறாள். எல்லோரும் செய்கிறதுதான்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதென்ன மூடி வச்சிருக்கிய?" என்று எழுந்துபோய்த் துவர்த்தைத் தூக்கினாள். "அட, என் ஆண்டவரே!" என்று சிலுவை போட்டு, கண்ணாடியில் உதடு வைத்து முத்தி செய்தாள். துவர்த்தை மடித்து நாற்காலிமேல் வைத்துவிட்டாள். எடுத்துத் திரும்பப் போட என்னால் முடியுமா?

"அக்கா, நீங்க பொண்ணுக்குச் சொந்தப் பெரியம்மா. இந்த ஆண்டவரு முன்னால கேக்கேன். நாலு வருசத்துக்கு முந்தி ஒரு சம்பந்தம் நின்னுபோச்சாமே. பிள்ளைக்கு வலிப்பு இருக்குன்னு பேச்சு வந்துச்சாம். உண்மையா?"

"இல்ல. மூணு வயசுல காய்ச்சல் கூடிப்போயி ஒரே ஒரு தடவை வந்துச்சு. அதுக்குப் பெறவு இத்தனை வருசத்துல ஒண்ணுமே கிடையாது."

"அப்ப யாரு அப்படிச் சொன்னது?"

"யாரோ வேண்டாத ஆளுவ."

"வேண்டாத ஆளுன்னா யாரு? என்னத்துக்குச் சொன்னாங்கன்னு தெரிஞ்சா இது பொய்யின்னு விட்டுறலாம். ஆளு தெரியலன்னா மாப்பிள்ளைக்கு அப்பா, எங்க அண்ணன் மனசுல சந்தேகம் நிக்கத்தான செய்யும்? அண்ணன் ரெண்டுங்கெட்டானா நிக்காரு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கைப்பையைத் திறந்தாள். ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். "யோசிச்சுப் பாருங்க. ஞாபகம் வந்தா சனிக்கெழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க. நல்ல பிள்ளையா இருந்தா விட மனசில்ல" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் நல்லதுதானே சொன்னேன். வலிப்பு இல்லை என்று அடித்துச் சொன்னேன். அதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?

ஜூன் 19, வியாழன்

குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஊறுகாயை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நான் என் சோற்றைக் காக்காவுக்கு வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

நான்தான் சொன்னேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்பினைப் பெண் பார்க்க வந்தார்கள். முதல்நாள் முழுக்க நான் அந்த வீட்டில்தான் கிடந்தேன். அதிரசம் சுட்டது நான். டெல்பின் சேலைக்கு மடிப்பு எடுத்து இஸ்திரி போட்டது நான். வருகிற நேரம் ஆனதும் பெர்னதெத் என்னை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டுபோய், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அவுக வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க உங்க வீட்ல இருங்க. அவுக வீட்டுப் பெரியவுக இதெல்லாம் பாப்பாங்களாம்."

இதெல்லாம் என்றால் எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை பெறாதவள் முகத்தில் முழிக்கக் கூடாது. அதுதான்.

எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சுட்ட அதிரசத்தை யாரோ நன்றாயிருக்கிறது என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை காற்று வாங்க எங்கள் கேட்டருகில் வந்து நின்றாள். "பொண்ணு எப்படி?" என்று பேச்சுக்குக் கேட்டாள். நான் சொன்னேன்: "தங்கமான பிள்ளை. வலிப்புதான் ஒண்ணு. அதுவும் எப்பவாவதுதான்."

எப்பவாவதுதான். அந்த வார்த்தையைச் சேர்த்தேன். இரக்கப்படுகிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சொன்னேன்.

டெல்பினுக்கு மூன்று வயதில் வலிப்பு வந்த விவரம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பெர்னதெத் ஒன்று, நான் ஒன்று. கொழுந்தன் கப்பலில் இருந்தார். பெர்னதெத் கால் ஓடாமல் நின்றுவிட்டாள். நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூட இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அப்படித் தெரிந்த விஷயத்தைத்தான் கேட்டருகில் விற்றுவிட்டேன்.

சம்பந்தம் நின்றதும் பெர்னதெத் நேரே என்னைக் கேட்டாள். அன்பியத்தார் எல்லோரும் ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜெபமாலையைத் தூக்கிப் பிடித்து, சிலுவையைத் தொட்டு, நான் சொல்லவில்லை என்றேன். எவ்வளவு அழுதேன்! அந்த அழுகையைப் பார்த்து நாலு பேர் பெர்னதெத்தைத் திட்டினார்கள். அப்போதும் ஆண்டவர் அந்தச் சிலுவையில்தானே இருந்தார்.

நாலு வருடமாக மாதாமாதம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். "சின்னச் சின்னப் பொய் சொன்னேன், கோபப்பட்டேன்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டு, மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு, பூசையில் நாக்கை நீட்டி நன்மை அப்பம் வாங்கியிருக்கிறேன். எழுதும்போதே கூசுகிறது.

இந்த ஆறு நாளும், ஆண்டவர் பதினாலாம் தேதிதான் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்று நினைத்துக்கொண்டு துவர்த்து போட்டு மூடினேன். என்ன புத்திகெட்டத்தனம்! நான் கேட்டருகில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றபோது அவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். ஃபாதர் சொன்ன ஜெபத்தை இப்போது சொல்லிப் பார்த்தேன். ஆண்டவரே, நீர் அங்கே இருந்தீர்.

மத்தியானம் இவரிடம் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பேப்பரை வைங்க. டெல்பின் விசயத்தச் சொன்னது நான்தான்."

"எந்த விசயம்?"

"நாலு வருசம் முந்தி. வலிப்புன்னு."

பேப்பரை மடித்தார். ஓரம் சரியாக வரவில்லை. திரும்ப விரித்துத் திரும்ப மடித்தார். "நீ சத்தியம் பண்ணுனியே" என்றார்.

"பொய்ச் சத்தியம்."

"நான் அதை நம்பித்தான என் தம்பிகூடப் பேச்ச விட்டேன்? ஊருக்கு வந்தா என் தம்பி வாசல்ல நின்னு 'அண்ணே'ன்னு கூப்பிடுவான். நான் உள்ள இருந்துகிட்டே இல்லன்னு சொல்லச் சொல்லுவேன். எம்மா, அவன் என்னட்டி பாவம் பண்ணுனான்?"

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, "கப்பல்ல போன் எடுக்காது. இன்னும் ரெண்டு மாசம் ஆகும் அவன் கரைக்கு வர" என்றார். அதோடு பேசவில்லை.

ஜூன் 21, சனி

காலையில் முதல் வேலையாக மிக்கேலம்மாளுக்குப் போன் போட்டேன். இரண்டு முறை நம்பரை அழுத்திவிட்டு அழித்தேன். மூன்றாவது முறை அவளே எடுத்துவிட்டாள்.

"ஞாபகம் வந்துச்சா?" என்றாள்.

"மறக்கவே இல்ல. அந்த வேண்டாத ஆளு நான்தான்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். என்னை உள்ளே இருக்கச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பாதிப் பழி பெர்னதெத் தலைக்குப் போகும். "பொறாமையில சொன்னேன்" என்று முடித்துக்கொண்டேன். அதுவும் பொய் இல்லை.

"சொந்தப் பெரியம்மாவே இப்படியின்னா, இது என்ன குடும்பம்னு அண்ணன் கேப்பாரே" என்றாள்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேனோ என்னவோ. "என்னை வச்சு அந்தக் குடும்பத்த எடை போடாதீங்க. நான் இருக்கிற பக்கம் வேற, அவுக இருக்கிற பக்கம் வேற. நடுவுல சுவரு இருக்கு" என்றேன்.

"பார்ப்போம்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அன்பியத்தாருக்குச் சொல்லவில்லை. பாட்டு வேண்டாம். இவர் ஒரு மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பேசத்தான் இல்லை, ஆனால் வந்தார். எங்கள் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் பதினைந்து எட்டுகூட இல்லை. பெட்டி கனம் அதிகமில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

பெர்னதெத் முகம் கழுவி, சேலை மாற்றி, வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தாள். நான் வருவேன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாள் சாயங்காலமும் இப்படித்தான் நின்றிருக்கிறாள்.

முடி இவ்வளவு நரைத்துவிட்டதா இவளுக்கு? சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் பார்க்கவில்லை.

கை நீட்டினாள். நான் பெட்டியைக் கொடுக்கவில்லை. சமாதானம் சொல்லும் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

"பெர்னதெத்து, நான்தான் சொன்னேன். பொய்ச் சத்தியம் பண்ணுனேன். இன்னைக்குக் காலையில அந்த வடக்கன்குளத்து அம்மாட்டயும் சொல்லிட்டேன். அதுல நாளைக்கு உனக்குக் கெடுதலாக்கூட முடியலாம். மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு மூஞ்சி இல்ல."

அவள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"அன்னைக்கு உங்கள உள்ள இருக்கச் சொன்னேன் பாருங்க, அது தப்பு. அதிரசத்த எடுத்து வைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசுச்சு. அதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன், அக்கா." பெட்டியை நிமிர்த்திப் பிடித்தாள். "ஆனா இதுக்குச் சமாதானம் சொல்ல எனக்கு இப்ப வாய் வரல. ஆண்டவர் முன்னால பொய்யாச் சொல்லக் கூடாதுல்லா?"

"சொல்ல வேண்டாம்" என்றேன்.

"அத்தான், நீங்க உள்ள வாங்க. திரிய அணைச்சிராதீங்க" என்று இவரைக் கூப்பிட்டாள். இவர் நாலு வருடத்துக்குப் பின் தம்பி வீட்டுக்குள் போனார். நான் திரும்பி வந்தேன். மேசை காலியாக இருந்தது. டிவியை எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வந்தார்கள். இரண்டு கார். மிக்கேலம்மாளின் குடை கண்ணில் பட்டது. நான் வாசற்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். இந்தமுறை யாரும் இருக்கச் சொல்லவில்லை. நானாக இருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நல்லது நடக்க வேண்டும் என்று ஜெபித்தேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

ஜூன் 23, திங்கள்

காலையில் டெல்பின் வேலைக்குப் போனாள். "பெரியம்மா, போயிட்டு வாரேன்" என்ற சத்தம் கேட்கவில்லை. கேட் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நேற்று வந்தவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். இவர்தான் சொன்னார். இவர் இப்போது காலைக் காப்பியை அங்கே குடிக்கிறார்.

ஜூன் 25, புதன்

நாலரை மணிக்கு டெல்பின் வந்தாள். கேட்டருகில் நிற்கவில்லை. உள்ளே வந்து, பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தாள்.

"அவங்க சம்மதம் சொல்லிட்டாங்க பெரியம்மா. மதியம் போன் வந்துச்சு. நீங்க போன் பண்ணுனதாலதான் சந்தேகம் தீந்துச்சுன்னு அந்த அத்தை அம்மாட்ட சொன்னாங்களாம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடிக்கப் போனேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கை என் கைக்குள் ஒரு பொருள் மாதிரி கிடந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அம்மா அன்னைக்கே சொன்னாங்க, நீங்கதான்னு. நான் இல்லவே இல்லன்னு சொன்னேன். பெரியம்மா சிலுவையத் தொட்டுச் சொல்லியிருக்காங்க, உனக்கு மனசுல அழுக்குன்னு அம்மாவத் திட்டுனேன். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. நாலு வருசம். ஒருநாள் சோறு போடும்போது சண்டை வந்து, உன் கையால சாப்பிட மாட்டேன்னு தட்டத் தள்ளிவிட்டேன். அம்மா குனிஞ்சு கீழ கெடந்த சோத்த அள்ளுனாங்க."

நான் கீழே இருந்த தண்ணீரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"காலையில உங்ககிட்டச் சொல்லிட்டுப் போறது அம்மாவுக்குக் கேக்கணும்னுதான் சத்தமாச் சொல்லுவேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் கேட்டுட்டு இருந்தீங்க" என்றாள். அவள் குரல் உயரவில்லை. கணக்குப் பாடத்தில் தப்பு எங்கே என்று பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

பிறகு எழுந்து பையைத் தோளில் சரிசெய்தாள். "உங்கள நான் என்ன செய்யணும்னு எனக்கு இன்னும் தெரியல பெரியம்மா. பெறவு பாப்போம். மொதல்ல நான் போயி எங்க அம்மாட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் டெல்பின் அழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பெர்னதெத், "எதுக்குட்டி அழுத, எதுக்குட்டி" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.